எஞ்சினுக்குப் பின்னாலை இருந்த பிள்ளை

1

கலியாண நாளும் அதுவுமாய் இந்த மனிசன் எனக்குப் பொய் சொல்லுவார் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. மற்ற நாளிலை சின்னச் சின்னப் பொய் சொல்லுறவர்தான். லட்டைச் சாப்பிட்டிட்டு வாயைத் துடைச்சுக்கொண்டு இல்லையெண்டுவார். அதெல்லாம் நான் கணக்கெடுக்கிறதில்லை. ஊரிலை இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, கனடாவிலை இருக்கிறவைக்கு என்ன குறை எண்டு ஒரு எண்ணம் இருக்கும். வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.

நாங்கள் இருக்கிறது ஸ்ரௌவ்விலிலை. புது வீடுகள், புது றோட்டுகள், கார் இல்லாமல் ஒரு தேங்காய் வாங்கேலாத இடம். இவர் ரெக்ஸ்டேலிலை ஒரு வேர்ஹவுசிலை வேலை. கோடை தொடங்கின நாளிலை இருந்து சனிக்கிழமையெல்லாம் ஓவர்டைம் எண்டு விடியமுன்னம் போயிடுவார். மகள் தர்சி மிசிசாகாவிலை ஒரு ஒவ்வீசிலை கணக்கு வேலை. அவளுக்கும் சனிக்கிழமையிலை ஏதோ கோர்ஸாம். கலியாண நாளுக்கும் ஒரு லீவு கேக்கேலாதோ எண்டு கேட்டன். "கேட்டனான், விடமாட்டாங்களாம்" எண்டு நிலத்தைப் பாத்துச் சொன்னார். அதிலையே எனக்கு விளங்கியிருக்கவேணும்.

சரி, பாவம், கலியாண நாளிலையும் நிண்டு முறியிறாரே எண்டு மட்டன் றோல்ஸ் பொரிச்சு, சூடாறாமல் சுத்திக்கொண்டு ரெக்ஸ்டேலுக்குப் போனன். வாசலிலை நிண்ட செக்கியூரிற்றி எங்கடை பெடியன்தான். "அன்ரி, அங்கிள் சனிக்கிழமை வாறேல்லையே. இஞ்சை சனிக்கிழமை பூட்டு" எண்டான்.

 அந்தப் பெடியனுக்கு முன்னாலை சிரிச்சுச் சமாளிச்சு, அவனுக்கும் இரண்டு றோல்ஸைக் குடுத்திட்டு, காருக்கை வந்து குந்தினன். அந்த இடத்திலை ஒரு பெண்சாதிக்கு என்ன நினைப்பு வருமோ அதுதான் எனக்கும் வந்தது. இந்த மொட்டந்தலையை ஆர் பாக்கப்போகினம் எண்டும் கூடவே வந்தது. ஆனால் ஆறுதல் வரேல்லை.

போன் அடிச்சன். எடுத்தார். எடுத்த உடனை காது கிழியிற மாதிரி ஒரு இரைச்சல்.

"எங்கை நிக்கிறியள்?"

"வேலையிலை."

"வேர்ஹவுசுக்கை என்ன, பொம்மர் பிளேனோ ஓடுது?"

இரைச்சலை விட்டு அங்காலை ஒதுங்கினது கேட்டுது. பிறகு குரலைத் தாழ்த்தி, "மலர், நான் இடத்தை அனுப்பிவிடுறன். ஆறுதலாய்க் காரை ஓடி வாரும். தர்சியும் இஞ்சைதான் நிக்கிறாள்" எண்டார். தகப்பனும் மகளும் சேர்ந்து பொய். நான் காரை எடுத்தன்.

2

401 ஹைவேயிலை ஏறினால் இரண்டு மணித்தியால ஓட்டம். லொறியளுக்கு நடுவிலை போகேக்கை எனக்கு வந்த கோபத்துக்கு, பழசெல்லாம் கிளம்பிச்சுது.

எங்களுக்குக் கலியாணம் நடந்தது, சண்டையாலை அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் விடாத காலத்திலை. தெரிஞ்சவைக்குத் தெரியும், தெரியாத இளசுகளுக்குச் சொல்லுறன். அந்த நாளிலை மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. ஆனால் மண்ணெண்ணெய் எடுத்த எடுப்பிலை பத்தாது. முதல் எஞ்சினுக்குள்ளை நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி, ஸ்ராட் பண்ணி, அது சூடேறினாப்போலைதான் மண்ணெண்ணெய்க்குத் திரும்பும். பெற்றோல் கிடைக்கிறது மருந்து மாதிரி. சின்னப் பிளாஸ்ரிக் போத்திலிலை விட்டு வைச்சிருப்பம்.

இவர் ஓட, அந்தப் போத்திலை மடியிலை வைச்சுக்கொண்டு பின்னாலை இருக்கிறது என்ரை வேலை. எஞ்சின் இருமத் தொடங்கினால் இவர் தலையைத் திருப்பாமல் "விடும்" எண்டுவார். நான் குனிஞ்சு காபரேற்றருக்குப் பீச்சுவன். சீலை முழுக்க எண்ணெய் மணம், பின்னாலை வெள்ளைப் புகை. ஒருக்கால் கோப்பாய் வெளியிலை மேலாலை ஆமியின்ரை ஹெலி சுத்தேக்கை எஞ்சின் நிண்டுபோச்சு. இவர் உதைக்கிறார், நான் பீச்சுறன், அது இருமுது. அண்டைக்கு இவரைப் பேசின பேச்சை நான் பிறகு ஒருநாளும் பேசேல்லை. இந்தக் கலியாண நாள்வரைக்கும் பேசேல்லை எண்டு சொல்லவேணும். இந்தச் சனிக்கிழமை அதைவிடக் கூடவே வாயிலை ஆயத்தமாய் இருந்தது.

3

சோளத் தோட்டங்களுக்கு நடுவிலை நேர் கோடு மாதிரி ஒரு றோட்டு. வேறை ஒரு இடத்துக்கும் போகாத றோட்டு. அதுதான் கார் ஓட்டப்போட்டி நடக்கிற இடம். இரண்டு கார் பக்கத்திலை பக்கத்திலை நிண்டு, கால் மைல் தூரம் நேராய்ப் பறக்கிறது. அவ்வளவும்தான் விளையாட்டு, வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை.

வாசலிலை ஒரு பிள்ளை கடதாசி நீட்டினாள். உள்ளுக்கை நான் செத்தால் ஆரையும் குறை சொல்லமாட்டன் எண்டு கையெழுத்து வைக்கவேணுமாம். அகதி விண்ணப்பம், குடியுரிமை, வீட்டுக்கடன் எண்டு இந்த நாட்டிலை நான் வைக்காத கையெழுத்தில்லை. என்ரை சாவுக்கு நானே பொறுப்பு எண்டு வைச்சது இதுதான் முதல்தரம்.

அண்டைக்குப் பழங்காலத்துக் காருகளின்ரை நாளாம். நான் றோல்ஸையும் தூக்கிக்கொண்டு இரைச்சலுக்குள்ளாலை நடந்தன். ஒரு கூடாரத்துக்குப் பக்கத்திலை, ஏணியைப் படுக்க வைச்ச மாதிரி நீளமாய், ஒடுக்கமாய் ஒரு வாகனம். முன்னுக்குச் சைக்கிள் சில்லு மாதிரி இரண்டு, பின்னுக்கு என்ரை இடுப்பளவுக்கு இரண்டு பென்னாம்பெரிய ரயர். நடுவிலை மூடியில்லாத எஞ்சின். ஓடுற ஆளின்ரை இருக்கை அந்தப் பெரிய ரயருகளுக்கும் பின்னாலை, வாலிலை கொளுவிவிட்ட மாதிரி. அந்த இருக்கையிலை ஹெல்மெற் போட்ட ஒரு ஆள். எஞ்சினுக்கு மேலாலை குனிஞ்சு நிண்டு ஒரு பிளாஸ்ரிக் போத்திலாலை பெற்றோல் பீச்சிக்கொண்டு நிண்டது என்ரை மனிசன்.

ஒரு கணம் நான் எந்த நாட்டிலை, எந்த வருசத்திலை நிக்கிறன் எண்டு எனக்கே விளங்கேல்லை.

எஞ்சின் பத்திச்சுது. நிலம் அதிர்ந்து என்ரை பல்லுக் கிட்டிச்சுது. கண் எரிஞ்சு தண்ணியாய் ஓடிச்சுது. கொஞ்ச நேரத்தாலை நிப்பாட்டினாங்கள். அந்த ஆள் ஹெல்மெற்றைக் கழட்ட, உள்ளுக்கை என்ரை பிள்ளை.

"அம்மா," எண்டாள். பிறகு, "ஹப்பி அனிவேர்சரி" எண்டாள்.

நான் பேசின பேச்சை இஞ்சை எழுதேலாது. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர் தமிழ் விளங்காமலே இரண்டடி தள்ளி நிண்டவை. இவர் போத்திலைப் பின்னாலை மறைச்சுக்கொண்டு, "கத்தாதையும், சொல்லுறன்" எண்டு சொல்லத் தொடங்கினார்.

கார் டக் எண்ட ஒரு வயசான கனேடியனின்ரை. ஒவ்வீசிலை தர்சிதான் அவரின்ரை வருமான வரியைப் பாக்கிறவள். மேசையிலை அவர் காட்டின ஒரு பழைய படத்தைக் கண்டு பிள்ளைக்கு இந்தக் கார் பிடிச்சுப்போச்சுதாம். முதல் பாக்கப் போனாள், பிறகு துடைக்கப் போனாள், பிறகு ஓடப் பழகி லைசென்ஸும் எடுத்திட்டாள். ஒருநாள் அவளின்ரை ஜாக்கெற்றிலை எண்ணெய் மணத்தைப் பிடிச்சு இவர் கேட்டிருக்கிறார். அவள் இவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள். தடுக்க வந்த மனிசன் அங்கையே நிண்டிட்டார்.

"இது ஓடுறது மெதனோலிலை. குளிர் எஞ்சினிலை அது லேசிலை பத்தாது. முதல் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணிப்போட்டுத்தான் மெதனோலுக்கு விடவேணும்," எண்டார். "முதல்நாள் டக் அந்தப் போத்திலை என்ரை கையிலை தந்து, எப்பிடி எண்டு சொல்லித்தர வெளிக்கிட்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது மலர். பெட்டி தூக்கித் தூக்கியே போன கைக்கு, தெரிஞ்ச ஒரு வேலை கிடைச்சுது."

அதைச் சொல்லேக்கை அவரின்ரை கண் கலங்கிச்சுது. எனக்கு இரக்கம் வந்ததுதான். ஆனால் அதைக் காட்டினால் அடுத்த பொய்க்குத் துணிஞ்சிடுவார் எண்டு காட்டேல்லை.

என்னை ஆறுதல்படுத்துறன் எண்டு அவர் சொன்ன கதையள்தான் என்னை இன்னும் ஏங்கப் பண்ணினது. இந்தப் போட்டி தொடங்கின நாளிலை சிக்னல் வெளிச்சம் இல்லையாம். ஒரு ஆள் கொடியோடை இரண்டு காருக்கும் நடுவிலை நிண்டு துள்ளுவாராம். நடுவிலையோ எண்டு கேட்டன், ஓம் நடுவிலைதான் எண்டார். ரயர் றோட்டிலை ஒட்டுறதுக்கு, உடுப்பு வெளுக்கிற பிளீச்சை நிலத்திலை ஊத்தி, அதிலை சில்லைச் சுழலவிட்டுச் சூடாக்குவினமாம். மெதனோல் பத்தினால் பகல் வெளிச்சத்திலை நெருப்புக் கண்ணுக்குத் தெரியாதாம். "அப்ப எரியிறது எப்பிடித் தெரியும்?" எண்டன். "ஓடுற ஆள் துடிக்கிறதைப் பாத்து" எண்டு சொல்லிப்போட்டு நாக்கைக் கடிச்சார். இன்னொண்டு: ஓட முன்னம் நான் இத்தினை செக்கனிலை ஓடுவன் எண்டு எழுதிப் போடவேணும். எழுதினதை விடக் கெதியாய் ஓடினால் தோல்வியாம். வேகமாய் ஓடினதுக்குத் தோக்கிற ஓட்டப்போட்டி.

"தர்சி எத்தினை எழுதியிருக்கிறாள்?"

"எட்டு செக்கன். இது பழைய கார், மெதுவாய்த்தான் போகும்," எண்டார். அது மெதுவாம்.

4

டக் வந்தார். வயசு எண்பதுக்குக் கிட்ட, மெலிஞ்ச மனிசன். தொப்பியைக் கழட்டி எனக்கு வணக்கம் சொன்னார். இடக்காலை இழுத்து இழுத்துத்தான் நடை. என்ன கோபம் எண்டாலும் வீடு தேடி வந்த ஆளுக்கு ஒண்டும் குடாமல் விடேலாது. வீடு இல்லை, கூடாரம், அதுவும் அவரின்ரை கூடாரம். எண்டாலும் றோல்ஸ் என்னட்டைத்தானே இருந்தது. ஒண்டை எடுத்துக் குடுத்தன். கதிரையிலை இருந்து, கால் வீங்குது எண்டு சப்பாத்தையும் காலுறையையும் கழட்டிப்போட்டுச் சாப்பிட்டார்.

இடக்காலிலை மூண்டு விரல் இல்லை.

எங்கடை ஆக்களிலை விரல் இல்லாத காலைக் கண்டால் ஆரும் ஏன் எண்டு கேக்கிறதில்லை. சீனி வருத்தம். வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கினம். போன மாரி இவரின்ரை தமையனுக்கும் ஒரு விரல் எடுத்தவை. நான் டக்கின்ரை கையிலை இருந்த றோல்ஸைப் பாத்தன். மாவிலை செய்த சாமான். இந்த மனிசனுக்குப் போய் இதைக் குடுத்திட்டனே எண்டு பதறி, என்ரை இங்கிலிசிலை புத்தி சொல்லத் தொடங்கினன். வெள்ளைப் பாணைத் தொடாதையுங்கோ, வெந்தயத்தை ஊறவிட்டுக் காலமை வெறுவயித்திலை குடியுங்கோ, பாவக்காய் சீனாக் கடையிலையும் வாங்கலாம், காலைத் தினமும் பாருங்கோ, வெறுங்காலோடை நிக்காதையுங்கோ. இவரும் பக்கத்திலை நிண்டு தலையாட்டினார். "நான் கோடை முழுக்க அவருக்குச் சீனி போடாத தேத்தண்ணிதான் கொண்டுவந்து குடுக்கிறன்" எண்டு எனக்குத் தமிழிலை சொன்னார்.

டக் எல்லாத்தையும் மரியாதையாய்க் கேட்டார். பிறகு, தனக்குச் சீனி வருத்தம் இல்லை எண்டார். அதுதானோ என்ரை மனிசன் குமார் தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்லை, தான் அது தமிழ் ஆக்களின்ரை வழக்கமாக்கும் எண்டு நினைச்சதாய்ச் சொன்னார்.

"அப்ப விரல்?"

"கிளச்" எண்டார்.

எஞ்சினையும் சில்லையும் சேர்த்துவிடுற வட்டத் தகடுதான் கிளச். இந்த மாதிரிக் காரிலை ஓடுற ஆள் பின்னுக்கு இருக்கிறபடியால் அந்தத் தகடு ஆளின்ரை இரண்டு காலுக்கும் நடுவிலை வருமாம். அந்த நாளிலை அது சூடேறி, சுத்துற வேகத்திலை வெடிச்சு, வாள் மாதிரித் துண்டு துண்டாய்ப் பறக்குமாம். டக்குக்கு வெடிச்சது இளவயசிலை. கார் இரண்டாய்ப் பிரிஞ்சது. சப்பாத்து முன் பாதியிலை போச்சு எண்டார். இப்பிடி வெடிச்ச விபத்துகளுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க எஞ்சினைப் பின்னுக்கு வைச்சு ஆளை முன்னுக்கு இருத்தத் தொடங்கினவையாம். ஒரு கதை சொல்லுற மாதிரித்தான் சொன்னார்.

"அது எந்தக் கார்?" எண்டு கேட்டது நானில்லை, இவர்.

டக் அந்த ஏணி மாதிரிக் காரைக் காட்டினார். திருப்பிப் பொருத்தி எடுத்தது எண்டார்.

நான் இவரைப் பாத்தன். பேயறைஞ்ச மாதிரி நிண்டார். கோடை முழுக்கக் கூட நிண்ட மனிசன், அந்த நொண்டல் நடையைக் கிழமைக்குக் கிழமை கண்ட மனிசன், ஒருநாள் ஏன் எண்டு கேக்கேல்லை. கேக்கிறது மரியாதை இல்லை எண்டு விட்டிருக்கிறார். நானும் அதைத்தான் செய்திருப்பன்.

"தர்சி, உனக்குத் தெரியுமோ?" எண்டார்.

"தெரியும் அப்பா. முதல்நாளே சொன்னவர்," எண்டாள். "நீங்கள் கேக்கேல்லை. உங்களுக்குத் தெரியும் எண்டு, ஐ தோட்."

5

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியிலை அவளின்ரை நம்பரைக் கூப்பிட்டாங்கள். தர்சி ஏறி, இருக்கை வாரைப் பூட்டிப்போட்டு ஹெல்மெற்றை எடுத்தாள். இவர் போய்க் காருக்கு முன்னாலை நிண்டார்.

"இறங்கு பிள்ளை," எண்டார். "சொல்லுறன், இறங்கு."

என்னை ஆறுதல்படுத்தின மனிசன் இப்ப மறிக்கிறார். மறிக்க வந்த நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். டக் கிட்ட வந்து சொன்னார்: தங்கடை பழைய வழக்கம் ஒண்டு இருக்குது, காரைச் சுத்தி நிக்கிற ஆக்களிலை ஒரு ஆள் வேண்டாம் எண்டாலும் அண்டைக்குக் கார் அசையாது. காரணம் கேக்கமாட்டினம், கோவிக்கவும்மாட்டினம். குமார் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான் எண்டார். தர்சி ஹெல்மெற்றை இறக்கி வைச்சாள். வாரைக் கழட்டத் தொடங்கினாள்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். பரதநாட்டியத்தை விட்ட நாளிலை, தான் விரும்பின படிப்பை நாங்கள் வேண்டாமெண்ட நாளிலை, அந்த முகத்தோடைதான் "ஓகே" எண்டு மேலை போனவள். ஒவ்வொரு ஓகேக்குப் பிறகும் எங்களோடை கதைக்கிறது ஒரு பங்கு குறைஞ்சது. ஒரே வீட்டிலை இருக்கிறம், அவள் கோடை முழுக்க எங்கை போறாள் எண்டு எனக்குத் தெரியேல்லை. இண்டைக்கு இறங்கினால் அவளின்ரை கால் தப்பும். சனிக்கிழமையிலை வீட்டிலைதான் நிப்பாள். ஆனால் இனி எனக்கு ஒண்டும் சொல்லமாட்டாள். அது எனக்கு நல்லாய் விளங்கிச்சுது.

நான் டக்கிட்டை, இப்ப அந்தத் தகட்டுக்கும் என்ரை பிள்ளையின்ரை காலுக்கும் இடையிலை என்ன இருக்குது எண்டு கேட்டன். குனிஞ்சு காட்டினார். தடிச்ச உருக்குக் கூடு, அதுக்கு மேலை குண்டு துளைக்காத துணியிலை சுத்தின போர்வை. நான் விரலை மடக்கி அந்தக் கூட்டைத் தட்டிப் பாத்தன். எனக்கு அதிலை என்ன தெரியும். தட்டாமல் நிக்கேலாமல் தட்டினன்.

"தர்சி, உனக்குப் பயமில்லையோ?"

இல்லையெண்டு சொல்லியிருந்தால் தலைமயிரிலை பிடிச்சு இழுத்து இறக்கியிருப்பன்.

"பயம்தான் அம்மா," எண்டாள். "எவ்ரி ரைம். ஆனால் கிழமை முழுக்க நான் மற்றவையின்ரை வேலைதான் செய்யிறன். இது மட்டும்தான் நான்."

"சரி. வாரைப் பூட்டு."

இவர் என்னைப் பாத்த பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டன். "நீரோ சொல்லுறீர்?" எண்டார். நான்தான் எண்டன். எனக்கே என்ரை குரல் ஆற்றையோ குரல் மாதிரிக் கேட்டது. அவர் காருக்கு முன்னாலை இருந்து ஒதுங்கினார்.

தொடக்கக் கோட்டிலை வெளிச்சம் மஞ்சள், மஞ்சள், பச்சை. அவ்வளவுதான் கண்டன். பிறகு புகையும் இரைச்சலும். எட்டு செக்கன் எண்டு சொன்னால் உங்களுக்குச் சின்ன நேரமாய் இருக்கும். தூரத்திலை, காரை நிப்பாட்டுற பரசூட் விரிஞ்சது தெரிஞ்சுது, கார் தெரியேல்லை. கானல் அசைஞ்சுது. கண்ணுக்குத் தெரியாத நெருப்பு எண்டு இவர் சொன்னது நெஞ்சுக்கை வந்து இடிச்சுது. 

காரைக் கட்டி இழுத்துவாற பிக்கப்பிலை டக் ஏற, நான் ஆரையும் கேக்காமல் முன்னுக்கு ஏறினன். இவர் பின்னுக்குத் தாவி ஏறினார். றோட்டின்ரை கடைசியிலை கார் நிக்குது, பக்கத்துப் புல்லிலை தர்சி குந்தியிருக்கிறாள். ஹெல்மெற் மடியிலை. முகம் வெளிறிப்போய், சிரிக்கிறாளோ அழுகிறாளோ தெரியேல்லை.

நான் போய் அவளுக்கு முன்னாலை புல்லிலை இருந்தன்.

"சப்பாத்தைக் கழட்டு."

"அம்மா, ஐ ஆம் ஃபைன்."

"கழட்டு எண்டு சொன்னன்."

அவள் அசையேல்லை. நானே இழுத்துக் கழட்டினன், காலுறையையும் கழட்டினன், முதல் இடக்கால், பிறகு வலக்கால். வேர்த்து ஈரமாய் இருந்த விரலுகளை ஒண்டொண்டாய்ப் பிடிச்சுப் பாத்தன். டக் மற்றப் பக்கம் திரும்பி நிண்டார். இவர் பரசூட்டைச் சுருட்டிற மாதிரிக் குனிஞ்சு நிண்டு அழுதார். இனிமேல் உதிலை ஏறாதை எண்டு என்ரை வாய்க்குள்ளை வந்து நிண்டது. அதை விழுங்கிப்போட்டு, "நேராய்ப் போச்சுதோ?" எண்டு கேட்டன்.

தர்சி திரும்பிக் காரைப் பாத்தாள்.

"கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, அம்மா," எண்டாள். "பிடிச்சு நிப்பாட்டினன்."

அவளின்ரை கால் அப்பவும் என்ரை கைக்குள்ளை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.